வலைப்பூத் தொடக்கம்: மனமகிழ்வும் வணிகமும் – அருமனையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தனிமனிதர் தம் எழுத்தைத் தாமே வெளியிட்டுக்கொள்ளும் இணைய வடிவமாகிய வலைப்பூ, தமிழில் 2003ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. மனமகிழ்வுக்காக எழுதுதல், வணிகத்திற்காக எழுதுதல் என்னும் இரு நோக்கங்களும் இவ்வடிவத்தில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. தமிழ் வலைப்பூக்களுக்கு விளம்பர வருவாய் நெடுங்காலம் எட்டாதிருந்தது என்பதும், அதன் விளைவாக மனமகிழ்வே தமிழ் வலைப்பூவின் முதன்மையான உந்துவிசையாக அமைந்தது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன. கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில் பிறந்த எழுத்தாளர் ஜெயமோகனின் இணைய எழுத்தும், அவ்வட்டாரத்தின் வேளாண் பொருள்களும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. எந்நோக்கத்தில் தொடங்கினும் முகவரியும் படியும் எழுதுவோர் கையில் இருத்தல் வேண்டும் என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: வலைப்பூ, இணையத் தமிழ், ஒருங்குறி, திரட்டி, அருமனை, ஜெயமோகன், வெண்முரசு, இணைய ஆவணம்

முன்னுரை

தமிழ்த்துறை ஆய்வாளர்களும் பேராசிரியர்களும் வலைப்பூவை இருவகையில் எதிர்கொள்கின்றனர். ஒன்று, அதனை ஆய்வுப் பொருளாகவோ மேற்கோள் மூலமாகவோ கொள்ளும் நிலை. மற்றொன்று, தாமே ஒரு வலைப்பூவைத் தொடங்கி எழுதும் நிலை. முதல் நிலை குறித்து ஆய்வேடுகளும் கட்டுரைகளும் வந்துள்ளன. இரண்டாம் நிலை பெரும்பாலும் தொழில்நுட்பக் கையேடுகளுக்கு உரியதாகக் கருதப்படுகின்றது. கணக்கை எங்ஙனம் திறப்பது, பக்கத்தை எங்ஙனம் அழகுபடுத்துவது என்னும் செய்திகளோடு அக்கையேடுகள் நின்றுவிடுகின்றன. எதற்காகத் தொடங்குவது என்னும் வினா அவற்றில் எழுவதில்லை. அவ்வினாவிற்கான விடையே ஒரு வலைப்பூவின் மொழி, கால ஒழுங்கு, ஆயுள் ஆகியவற்றை முடிவு செய்கின்றது என்பதால், அதனை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அமைகின்றது.

வலைப்பூவின் இயல்புகள்

இணையத்தில் தாம் கண்டவற்றை நாள்தோறும் குறித்துவைக்கும் பக்கத்தை 1997ஆம் ஆண்டு ஜோர்ன் பார்கர் 'வெப்லாக்' என்று அழைத்தார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதனைப் பிரித்து 'பிளாக்' என்று சுருக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பைரா லேப்ஸ் நிறுவனம் 'பிளாகர்' என்னும் கட்டணமில்லாச் சேவையைத் தொடங்கியது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனைக் கூகுள் வாங்கியது. அவ்வாண்டு மே மாதம் 'வேர்டுபிரஸ்' வெளிவந்தது. தமிழில் இவ்வடிவம் வலைப்பூ, வலைப்பதிவு என்னும் இரு பெயர்களால் வழங்கப்படுகின்றது.

அச்சிதழிலிருந்து வலைப்பூவை வேறுபடுத்தும் இயல்புகள் நான்கு. அண்மையில் எழுதியது முதலில் நிற்கும். ஒவ்வொரு பதிவிற்கும் தனித்த நிலையான முகவரி உண்டு. வாசகர் அங்கேயே மறுமொழி இடலாம். புதிய பதிவு வந்த செய்தியை ஓடை வழியாகப் பிற தளங்கள் பெற்றுக்கொள்ளலாம். இந்நான்கும் சேர்ந்து பதிப்பாசிரியர், அச்சகத்தார், விற்பனையாளர் என்னும் மூவரின் இடையீட்டை நீக்கின. எழுதுவோரே பதிப்பாசிரியராகவும் ஆவதால், பிழை திருத்தும் பொறுப்பும் வெளியீட்டின் சட்டப் பொறுப்பும் அவரையே சாரும் என்பதையும் உடன் கருதுதல் வேண்டும்.

தமிழ் வலைப்பூ தோன்றிய சூழல்

தமிழில் வலைப்பூ எழுதுவதற்கு முன் தீர்க்கப்பட வேண்டியிருந்த சிக்கல் எழுத்துக் குறியேற்றம் ஆகும். 1990களின் இறுதியில் தஸ்கி, தாப், தாம் எனப் பல குறியேற்றங்கள் நிலவின. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து தமிழ்நாடு அரசு தாப், தாம் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. எனினும், உரிய எழுத்துரு கணினியில் இல்லையெனில் பக்கம் பொருளற்ற குறிகளாகத் தோன்றும் நிலை நீடித்தது.

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகிய இயங்குதளங்கள் 'லதா' எழுத்துருவுடன் வந்த பின்னரே அது பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், முகுந்தின் இ-கலப்பை ஆகிய மென்பொருள்கள் தட்டச்சை எளிதாக்கின. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ் வலைப்பூக்கள் தோன்றத் தொடங்கியமைக்கு இப்பின்னணி காரணமாயிற்று.

எழுதுவோர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் சிதறியிருந்தனர். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிய வழி வேண்டியிருந்தது. மதி கந்தசாமி தமிழ் வலைப்பூக்களின் பட்டியலைத் தொகுத்தார்; வாரம் ஒருவர் ஆசிரியராக அமையும் 'வலைப்பூ' என்னும் இணைய இதழையும் நடத்தினார். 2004ஆம் ஆண்டு காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். புதிய பதிவுகளை ஓடைகளிலிருந்து பெற்று ஒரே பக்கத்தில் காட்டிய இத்திரட்டி, வாரந்தோறும் ஒரு பதிவரை 'நட்சத்திரம்' என முன்னிறுத்தியது. தமிழ் வலைப்பூவிற்கு வாசகர் திரள் கிடைத்தது இத்தகைய ஊதியமில்லா உழைப்பின் வழியாகவே எனலாம்.

வருவாய்க்கு வழியில்லாத பதினைந்து ஆண்டுகள்

ஆங்கில வலைப்பூக்களின் வரலாற்றில் வணிகம் விரைவில் நுழைந்தது. கூகுள் நிறுவனத்தின் 'ஆட்சென்ஸ்' விளம்பரச் சேவை 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பக்கத்தின் உள்ளடக்கத்திற்கு ஏற்ற விளம்பரத்தைத் தானே தேர்ந்து இட்டு, வருவாயில் ஒரு பகுதியை எழுதுவோருக்கு அளிப்பது அதன் முறை. ஆனால் அச்சேவை ஏற்கும் மொழிகளின் பட்டியலில் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி வரை தமிழ் இடம்பெறவில்லை. இந்திய மொழிகளில் இந்தி 2014இலும் வங்காளம் 2017இலும் சேர்க்கப்பட்ட பின்னரே தமிழ் சேர்க்கப்பட்டது.

தமிழ் வலைப்பூவும் ஆட்சென்ஸும் ஒரே ஆண்டில் தொடங்கியும், இரண்டும் முறைப்படி இணையப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அவ்விடைக்காலத்தில் தமிழில் எழுதியோர் பெரும்பாலும் வருவாய் கருதி எழுதியவர் அல்லர். அவர்களுக்குக் கிட்டிய பயன் வாசகரின் மறுமொழியும் எழுதும் மகிழ்ச்சியும் ஆகும். திரைப்படம், சமையல், பயணம், இலக்கியம், அரசியல், கணினி, வட்டார வழக்கு எனப் பொருள்கள் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம். எது விற்கும் என்று கருதாமல் எது பிடிக்கும் என்று கருதி எழுதியமையால், சந்தை மதிப்பற்ற செய்திகளும் பதிவாயின. ஓர் ஊரின் விளையாட்டுப் பெயர்கள், ஒரு சாதியாரின் சடங்குச் சொற்கள், ஒரு நூலகத்தின் நினைவு ஆகியவை இன்று வட்டாரவியல் ஆய்வாளருக்குத் தரவுகளாக உதவுகின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. வருவாய் இல்லாத பணியை வாழ்க்கைச் சுமை கூடும்போது முதலில் கைவிடுவது இயல்பு. முகநூலும் வாட்ஸாப்பும் பரவிய பின், உடனடி மறுமொழி அங்கு எளிதாகக் கிடைத்தது. மறுமொழியையே பயனாகக் கருதிய பதிவர் பலர் அங்குச் சென்றனர். அதனால் தொடர்ச்சியற்று நின்ற வலைப்பூக்கள் பல.

அருமனை தரும் சான்று

மனமகிழ்வுக்கான எழுத்து எந்த அளவிற்கு விரியக்கூடும் என்பதற்குக் குமரி மாவட்டத்திலிருந்தே சான்று காட்டலாம். அருமனை, விளவங்கோடு வட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள பேரூராட்சி. நாஞ்சில் நாடு என்னும் பெயர் இன்று மாவட்டம் முழுமைக்கும் தளர்வாக வழங்கினும், வரலாற்றில் அது தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் நெல்வயற் பகுதியையே குறித்தது. விளவங்கோடு அதற்கு மேற்கே மலையாள மொழியெல்லையை ஒட்டி அமைந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இவ்வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்துடன் இணைந்தன.

ஜெயமோகன் 1962ஆம் ஆண்டு அருமனையில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளிக் கல்வியும் அங்கேயே பெற்றவர். 1990இல் வெளிவந்த இவரது முதல் நாவலாகிய 'ரப்பர்', இவ்வட்டாரத்தின் தோட்டப் பயிர் வாழ்வைக் களமாகக் கொண்டது. தொலைபேசித் துறையில் பணியாற்றிக்கொண்டே எழுதியவர். 'சொல்புதிது' என்னும் சிற்றிதழுடன் தொடர்புடையவர். 2007ஆம் ஆண்டு வாக்கில் தம் பெயரிலேயே இணையதளம் தொடங்கி, நாள்தோறும் எழுதத் தலைப்பட்டார். அமைப்பு முறையில் அது வலைப்பூவே ஆகும்.

இத்தளத்தின் வழி மூன்று செய்திகளை அறியலாம். முதலாவது, பதிவு நூலாக மாறும் முறை. 2011ஆம் ஆண்டு தளத்தில் அடுத்தடுத்து வெளியான கதைகள் 'அறம்' என்னும் தொகுப்பாயின. இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைத்த கதைகள் அச்சிலும் வாங்கிப் படிக்கப்பட்டன. இலவசமாகக் கிடைப்பதால் நூல் விற்பனை குன்றும் என்னும் பொதுக் கருத்தை இது மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது.

இரண்டாவது, கால ஒழுங்கு. மகாபாரதத்தை மீள்புனைவாக்கிய 'வெண்முரசு' 2014ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் தொடங்கி, நாள் ஓர் அத்தியாயம் என்னும் முறையில் வெளிவந்து, 2020ஆம் ஆண்டு ஜூலையில் நிறைவுற்றது. 26 நாவல்கள், இருபதினாயிரத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள் என விரிந்த இவ்வாக்கத்தைத் தொடராக வெளியிட எந்த அச்சிதழும் இடம் அளித்திருக்க இயலாது. பக்க வரம்பற்ற ஊடகமும், நாள்தோறும் காத்திருக்கும் வாசகரும் சேர்ந்தே இதனை இயல்வதாக்கினர். பெருந்தொற்றுக் காலத்தில் இவர் தளத்தில் தொடர்ந்து எழுதிய சிறுகதை வரிசைக்குப் 'புனைவுக் களியாட்டு' என்று பெயரிட்டமை இங்குக் கருதத்தக்கது. எழுதுவதன் மகிழ்ச்சியே அப்பெயரில் முன்னிற்கின்றது.

மூன்றாவது, மறுமொழியைக் கையாளும் முறை. பதிவின் கீழ் எவரும் உடனே எழுதும் மறுமொழிப் பெட்டிக்கு மாற்றாக, வாசகர் கடிதங்களைத் தேர்ந்து தனிப் பதிவுகளாக வெளியிடும் முறையை இத்தளம் கைக்கொண்டது. சிற்றிதழின் கடிதப் பகுதி இணையத்திற்குப் பெயர்ந்தமைக்கு இது சான்று. இதனால் விவாதம் ஒழுங்குபெறுகின்றது; அதே வேளையில் எதிர்க்கருத்து இடம்பெறுவது ஆசிரியர் தேர்வைப் பொறுத்ததாகின்றது. இரண்டையும் ஆய்வாளர் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அம்மாவட்டத்தின் வீரநாராயணமங்கலத்தைச் சேர்ந்த நாஞ்சில் நாடனின் எழுத்துகள் வாசகர் முயற்சியால் இணையதளமாகத் தொகுக்கப்பட்டிருப்பது மற்றொரு வகை. எழுத்தாளர் தொடங்குவது, வாசகர் தொடங்குவது என்னும் இரு வகைகளும் பணம் கருதாத ஈடுபாட்டிலேயே வேர்கொண்டுள்ளன.

வணிக நோக்கில் வலைப்பூ

வணிக வலைப்பூவை இரண்டாகப் பகுக்கலாம். பக்கத்தில் விளம்பரம் இட்டு வருவாய் பெறுவது ஒன்று. ஏற்கெனவே உள்ள தொழிலுக்கு நம்பிக்கையைத் தேடித் தருவது மற்றொன்று. முன்னதற்கு மிகுந்த எண்ணிக்கையில் வாசகர் தேவை. பின்னதற்குச் சிலநூறு வாசகரே போதுமானவர். ஆனால் அவர்கள் உரிய வாசகராக இருத்தல் வேண்டும்.

பின்னதற்குப் பதிப்புத் துறையிலிருந்து ஒரு சான்று காட்டலாம். கிழக்கு பதிப்பகத்தை 2004இல் நிறுவியோருள் ஒருவராகிய பத்ரி சேஷாத்ரி, தமிழ் வலைப்பதிவின் தொடக்கக் காலந்தொட்டே எழுதியவர். அவரது பதிவுகளில் பொருளாதாரம், கல்வி, அரசியல், பதிப்புத் தொழில் ஆகியவை பேசப்பட்டன. வலைப்பூ விற்பனைப் பட்டியலாக அமையாமல், தொழில் நடத்துவோரின் சிந்தனையை வாசகர் அறியும் இடமாக அமைந்தது.

அருமனை வட்டாரத்திற்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். இங்கு ரப்பர், வாழை, தேன் ஆகியவை சிறு உழவரின் வாழ்வாதாரங்கள். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு 1920களின் கிராமப் புனரமைப்பு இயக்கத்தோடு தொடர்புடையது. தேன் விற்கும் ஒருவர் 'எங்கள் தேன் தூய்மையானது' என்று எழுதுவதால் பயன் சிறிது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பருவத்திற்கும் தேன் வரத்திற்கும் உள்ள தொடர்பு, மழைக்காலத்தில் பெட்டிகளைக் காக்கும் முறை, தேன் உறைவது கலப்படத்தின் அடையாளமாகாது என்னும் விளக்கம் ஆகியவற்றை எழுதினால் வாங்குவோர் நம்பிக்கை பெறுவர். பால்வெட்டு, ஒட்டுப்பால், ஷீட்டு முதலிய தொழிற்சொற்களும் அவ்வழியே எழுத்தில் நிலைபெறும். வணிகத்திற்காக எழுதப்படுவதும் நேர்மையாக எழுதப்படின் சொல்லாய்வுக்குத் தரவாகும் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

வணிக எழுத்திற்குச் சட்ட வரம்பும் உண்டு. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுத்தற்குரிய நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்டது. ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அதன் விற்பனையாளருக்கும் இடையே நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடிய தொடர்பு இருப்பின் அது வெளிப்படுத்தப்பட வேண்டும் என அவை கூறுகின்றன. நூல் மதிப்புரை எழுதுவோரும் இக்கடப்பாட்டை மனங்கொள்ளுதல் நன்று.

தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டியவை

மேற்கண்டவற்றிலிருந்து, தொடங்குவோர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

நோக்கம்: மகிழ்ச்சியா, தொழிலா என்பதைத் தமக்குத்தாமே தெளிவாக்கிக்கொள்ளுதல். இரண்டும் கலக்கலாம்; ஆனால் எது முதன்மை என்பது தெரிந்திருந்தால் வாசகர் எண்ணிக்கை குறையும் காலத்தில் சோர்வு நேராது.

முகவரி: கட்டணமில்லாச் சேவையில் தொடங்குவது தவறன்று. எனினும் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்தத் தளப்பெயர் பெற்றால், சேவை நிறுவனத்தை மாற்றினும் முகவரி மாறாது. கட்டணம் செலுத்தத் தவறினால் பெயர் பிறர் கைக்குச் செல்லக்கூடும் என்பதால், புதுப்பிக்கும் நாளை நினைவில் வைத்தல் வேண்டும்.

எழுத்து: ஒருங்குறியில் மட்டுமே எழுதுதல். பக்கங்களைப் படமாக ஏற்றினால் தேடுபொறி அவற்றிலுள்ள சொற்களை எளிதில் கண்டறிவதில்லை.

கால ஒழுங்கு: வாரம் ஒன்று எனினும் தவறாது வெளியிடுதல். எட்டு நாள் எழுதி எட்டு மாதம் ஓய்வதினும் இது சிறந்தது.

உரிமை: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுதிய பொழுதே உரிமை உண்டாகின்றது; பதிவு செய்தல் கட்டாயமன்று. பிறர் எழுத்தையும் படத்தையும் எடுத்தாள்வதற்கும் அச்சட்டமே எல்லை வகுக்கின்றது.

அழிவும் ஆவணமும்

'மணிக்கொடி' 1933இலும் 'எழுத்து' 1959இலும் தொடங்கப்பட்ட இதழ்கள். குறைந்த படிகளே அச்சானபோதும், ஒரு வாசகர் வீட்டு அலமாரியிலோ நூலகத்திலோ ஒரு படி தங்கியமையால் இன்று அவற்றை ஆய முடிகின்றது. வலைப்பூவிற்கு அத்தகைய பரவல் இயல்பாக அமைவதில்லை. வழங்கியில் உள்ள ஒரு படி நீங்கினால் அனைத்தும் நீங்கிவிடும். யாகூவின் ஜியோசிட்டீஸ் சேவை 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டபோது தொடக்கக் காலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் அதனோடு மறைந்தன. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது.

நோக்கத்தைப் பொறுத்து அழிவின் தன்மையும் வேறுபடுகின்றது. தொழில் நின்றால் வணிகத் தளத்தின் கட்டணம் நிற்கும், தளமும் நீங்கும். மகிழ்வுக்காக எழுதியவர் மறைந்தால் கடவுச்சொல் அறிந்தவர் எவரும் இரார். ஆகவே ஆண்டிற்கு ஒருமுறையேனும் முழு உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்தல் எழுதுவோர் கடமை. பிளாகர், வேர்டுபிரஸ் இரண்டிலும் இவ்வசதி உண்டு.

ஆய்வாளர் கடமையும் ஒன்றுண்டு. வலைப்பூவை மேற்கோள் காட்டுங்கால் தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் தருதல் போதாது. எழுதியவர் பெயர், பதிவின் தலைப்பு, வெளியான நாள், பதிவின் நிலையான முகவரி, பார்வையிட்ட நாள் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். 1996இல் நிறுவப்பட்ட இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' சேவையில் அப்பதிவைச் சேமித்து, சேமிப்பு முகவரியையும் உடன் தருதல் நன்று. ஆய்வேடு நூலகத்தில் நிலைக்க, அது காட்டும் சான்று இணையத்தில் மறையுமாயின், பின்வருவோர் அம்முடிபைச் சரிபார்க்க இயலாது.

முடிவுரை

தமிழ் வலைப்பூ, வருவாய்க்கு வழி திறக்கப்படாத காலத்தில் எழுதும் மகிழ்ச்சியால் வளர்ந்த வடிவம். அருமனையிலிருந்து வந்த எழுத்தாளரின் இணைய எழுத்து, அம்மகிழ்ச்சி நாள்தோறும் பேணப்படும் ஒழுங்காக மாறும்போது பேரிலக்கிய முயற்சியும் இயலும் என்பதைக் காட்டுகின்றது. 2018க்குப் பின் விளம்பர வருவாய்க்கு வழி பிறந்துள்ளது; எனினும் தமிழில் நிலைத்த பயன் நூல் வழியாகவும் வாசகர் நம்பிக்கை வழியாகவுமே பெரிதும் வந்துள்ளது. ஆகவே வணிகம் கருதித் தொடங்குவோரும் தாம் நன்கறிந்த பொருளை விருப்பத்தோடு எழுதுதலே முதற்படி. மனமகிழ்வு கருதித் தொடங்குவோர் சொந்த முகவரி, பாதுகாக்கப்பட்ட படி என்னும் இரண்டிலும் வணிகரின் விழிப்பைக் கைக்கொள்ளுதல் வேண்டும். தமிழ்த்துறைகள் தத்தம் வட்டாரத்து வலைப்பூக்களைப் பட்டியலிட்டுச் சேமிக்கும் பணியை மாணவர் செயல்திட்டமாக ஏற்குமாயின், இணையத் தமிழின் முதல் இருபதாண்டு எழுத்தில் எஞ்சியிருப்பதையேனும் காக்க இயலும்.